பொத்தான் யார் கையில்

மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளின் வலைப்பக்கத்தில் ஒரு கணினியை நீக்கப் போனால் சிறிய பெட்டி ஒன்று திறக்கும். நீக்கவேண்டிய கணினியின் எண்ணை அதில் தட்டச்சு செய்ய வேண்டும். 117ஐ அழிக்க 117 என்றே அடித்தாக வேண்டும். அதுவரை நீக்கும் பொத்தான் மங்கியே கிடக்கும். எங்கள் ஆய்வகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பெட்டியைத்தான். என் லாகினில் காட்டிவிட்டு, அவர்களுடைய லாகினில் நுழையச் சொல்வேன். அங்கே அந்தப் பொத்தானை அழுத்தவே முடியாது. "உங்களை நம்பாம இல்ல. அழிக்கிறது உங்க வேலை இல்லைன்னு மெஷினுக்கே தெரிஞ்சிருக்கணும், அதான்" என்பேன்.

வலைப்பக்கம் வழியாக மெய்நிகர் கணினிகளை நிர்வகிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வசதியைத்தான் பேசுகிறார்கள். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டாம், சுட்டியால் சொடுக்கினால் போதும் என்கிறார்கள். எனக்கு அது பெரிய காரியமாகத் தோன்றியதில்லை. அறுபது கணினிகளைக் குளோன் எடுக்க இன்றும் நான் டெர்மினலில் ஒரு சிறு ஸ்கிரிப்டைத்தான் ஓட்டுகிறேன், அதுதான் வேகம். வலைப்பக்கத்தின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியாக ஒருவருக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். ரூட் கடவுச்சொல் அப்படியல்ல. அது கையில் இருந்தால் எல்லாம் உண்டு, இல்லாவிட்டால் எதுவும் இல்லை.

ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணினி ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முன்பெல்லாம் செமஸ்டர் தொடங்கும்போது பென்டிரைவும் கையுமாக ஒவ்வொரு சிஸ்டமாக உட்கார்ந்து எழுவோம். பிசிஏ மாணவர்களுக்கு ஜாவாவின் ஒரு பதிப்பு, எம்எஸ்சி மாணவர்களுக்கு இன்னொன்று, தமிழ்த்துறையின் கணித்தமிழ்த் தாளுக்கு எழுத்துருக்களும் தமிழ்99 விசைப்பலகையும். ஒன்றை நிறுவினால் இன்னொன்று தகராறு செய்யும். இதற்குப் பயந்தே மாணவர்களுக்கு எந்த அதிகாரமும் தரமாட்டோம். லினக்ஸ் நிர்வாகம் என்று ஒரு தாள் பாடத்திட்டத்தில் இருக்கும், ஆனால் சூடோ கட்டளையைப் போட்டுப் பார்க்க ஒரு மாணவருக்கும் அனுமதி இருக்காது. பயனர் கணக்கை எப்படி உருவாக்குவது என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து பரீட்சையில் ஒப்பித்துவிட்டுப் போவார்கள். நீச்சல் பாடத்தைக் கரையில் உட்கார்ந்து படித்த கதைதான். அந்த வருத்தம்தான் என்னை இந்தப் பக்கம் தள்ளியது.

இப்போது எங்களிடம் இரண்டு சர்வர்கள். இரண்டிலும் பிராக்ஸ்மாக்ஸ் விஇ. வியன்னாவில் உள்ள ஒரு நிறுவனம் 2008 முதல் வெளியிட்டுவரும் திறமூல மென்பொருள் இது. டெபியன் லினக்ஸின் மேல் ஓடுகிறது. அடியில் மெய்நிகர் கணினியை உண்மையில் இயக்குவது கேவிஎம். கேவிஎம் பிறந்த கதை எங்கள் தொழிலுக்கு நெருக்கமானது. இஸ்ரேலில் கியூம்ராநெட் என்ற சிறு நிறுவனத்தில் ஆவி கிவிட்டி எழுதத் தொடங்கியது அது. 2007 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20இலேயே கர்னலுக்குள் வந்துவிட்டது. இன்று உலகத்தின் பெரிய பெரிய மேகக் கணிமைக் கூடங்களைத் தாங்கும் இந்த நுட்பத்தை வைத்து அந்த நிறுவனம் விற்க நினைத்த பொருள் மெய்நிகர் மேசைக்கணினிதான். 2008இல் ரெட் ஹேட் அந்த நிறுவனத்தை வாங்கியது. கணினித் திரையை வலைப்பின்னல் வழியே அனுப்ப அவர்கள் செய்துவைத்திருந்த ஸ்பைஸ் நெறிமுறையை 2009 டிசம்பரில் திறமூலமாக்கியது. ஆனால் அதையெல்லாம் நிர்வகிக்கும் மென்பொருள் வெகுகாலம் விண்டோஸ் சர்வரில் மட்டுமே ஓடியது. 2012இல் வந்த 3.0 பதிப்பில்தான் ஜாவாவுக்கு மாறியது. அடித்தளம் திறந்திருந்தும் கதவு பூட்டியிருந்த காலம் அது. நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது எந்த உலாவியிலும் திறக்கும் பக்கம் கிடைத்தது என் நல்வாய்ப்பு.

வேலையின் முக்கால்வாசி, மாணவர்கள் வருவதற்கு முன்பே டெம்ப்ளேட்டில் முடிந்துவிடுகிறது. ஒரு தாளுக்கு ஒரு டெம்ப்ளேட். பெரும்பாலும் டெபியனை நிறுவி, எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தைப் போட்டு, தேவையான மென்பொருள்களை வைத்து, பின்னணிப் படத்தை எடுத்துவிட்டு ஒரே நிறமாக வைப்பேன். பின்னணியில் மலையும் கடலும் இருந்தால், வீட்டிலிருந்து இதைத் திறக்கும் மாணவர் சாளரத்தை நகர்த்தும்போதெல்லாம் அந்த மலையும் கடலும் செல்போன் டேட்டாவில் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

அதன் பிறகு முத்திரை வைக்கும் வேலை. லினக்ஸில் மெஷின் ஐடி என்று ஒரு கோப்பு உண்டு. அந்தக் கணினிக்கென்று உருவான நீண்ட எண் அதில் இருக்கும். அதைக் காலி செய்யாமல் டெம்ப்ளேட் ஆக்கினால் அத்தனை குளோன்களும் ஒரே எண்ணோடு பிறக்கும். டிஹெச்சிபி சர்வரிடம் அந்த எண்ணைக் கொண்டு முகவரி கேட்கும் அமைப்பாக இருந்தால், பத்துக் கணினியும் ஒரே ஐபி முகவரியை வாங்கிக்கொண்டு வந்து நிற்கும். ஒரு மாணவர் தட்டினால் இன்னொருவரின் திரை திறக்கும், அடுத்த நிமிடம் அதுவும் துண்டிக்கப்படும். பார்ப்பவர் வலைப்பின்னல் கோளாறு என்று கேபிளையும் ஸ்விட்ச்சையும் சோதித்துக்கொண்டிருப்பார். கோப்பை நீக்கிவிடாமல், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்ய வேண்டும். முதல் தடவை எழும்போது கணினி தனக்கென்று புது எண்ணை எழுதிக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளையோ அடியோடு நீக்கி, குளோன் எழும்போது புதிதாக உருவாக வழி செய்துவிடுவேன். இது முடிந்த பிறகுதான் "கன்வர்ட் டு டெம்ப்ளேட்".

குளோனில் இரண்டு வகை. முழுக் குளோன் என்றால் டிஸ்க் மொத்தமும் நகலாகும். 25 ஜிபி டெம்ப்ளேட்டை அறுபது பேருக்கு அப்படிக் கொடுத்தால் 1500 ஜிபி. லிங்க்டு குளோனில் டெம்ப்ளேட்டின் டிஸ்க் எல்லாருக்கும் பொது. மாணவர் மாற்றியதை மட்டும் அவரவர் கணக்கில் தனியாக எழுதிக்கொள்ளும். தொடக்கத்தில் இடமே பிடிக்காது, செமஸ்டர் முடிவில் ஆளுக்குச் சில ஜிபி. ஆனால் டெம்ப்ளேட் போனால் அறுபதும் போகும். அதனால் குளோன்கள் இருக்கும்வரை டெம்ப்ளேட்டை நீக்க விடாமல் பிராக்ஸ்மாக்ஸே மறுத்துவிடும். இந்த மறுப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

லிங்க்டு குளோன் மலிவானது என்று சொல்கிறவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மெல்லிய ஒதுக்கீட்டில் ஒவ்வொரு கணினிக்கும் 25 ஜிபி தருவதாகச் சொல்லியிருக்கிறோம். கையில் இருப்பதோ 960 ஜிபி எஸ்எஸ்டி. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் கொடுக்க இடமில்லை. சேமிப்பு முழுக்க நிரம்பினால் எழுதுவதெல்லாம் தோற்று, ஒரு வகுப்பே ஒன்றாக உறைந்து நிற்கும். அதனால் ஸ்டோரேஜ் பட்டை 80 விழுக்காட்டைத் தொட்டால் எனக்கு வேறு வேலை ஓடாது. நினைவகத்தின் கதை இதற்கு நேர்மாறு. அறுபது கணினிக்குத் தலா 4 ஜிபி என்றால் 240 ஜிபி வேண்டும் என்று காகிதத்தில் கணக்கு வரும். ஆனால் எல்லாம் ஒரே டெம்ப்ளேட்டின் பிள்ளைகள். நினைவகத்தில் ஒரே பக்கங்கள் திரும்பத் திரும்பக் கிடக்கும். கர்னலில் உள்ள கேஎஸ்எம் அவற்றைக் கண்டுபிடித்து ஒன்றாக்கிவிடும். சர்வரின் சுருக்கப் பக்கத்தில் "கேஎஸ்எம் ஷேரிங்" என்று ஒரு வரி இருக்கிறது. நினைவகம் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் தாண்டும்வரை அது சுழியமாகவே இருக்கும். வகுப்பு சூடுபிடித்ததும் ஏறத் தொடங்கும். அந்த எண் ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு தனி சந்தோஷம்.

மாணவர்கள் பொதுவாகப் பிராக்ஸ்மாக்ஸைப் பார்ப்பதில்லை. அவர்களுக்குத் தெரிந்தது குவாக்கமோலி. அப்பாச்சி அமைப்பின் கீழ் 2017 முதல் உயர்நிலைத் திட்டமாக இருக்கும் இதன் வேலை ஒன்றுதான்: ஆர்டிபி, விஎன்சி, எஸ்எஸ்ஹெச் ஆகியவற்றில் எதில் வரும் திரையானாலும் அதை உலாவிக்குள் காட்டும். மாணவர் பக்கத்தில் எதையும் நிறுவ வேண்டாம். ஆய்வகத்தில் இருந்த பழைய சிஸ்டங்கள் எல்லாம் அதனால் பிழைத்தன. உலாவி ஓடினால் போதும், கணிப்பதெல்லாம் சர்வரில்.

அதன் அருமை 2020 மார்ச்சில் எல்லாருக்கும் புரிந்தது. ஊரடங்கில் கல்லூரி மூடியது, பாடத்திட்டம் மூடவில்லை. அரசு கொடுத்த மடிக்கணினி வைத்திருந்தவர்கள் கொஞ்சப்பேர், மற்றவர்களுக்குச் செல்போன்தான். உலாவி திறக்கிற எதிலும் அவர்களுடைய லேப் கணினி திறந்தது. வெளியுலகத்துக்குத் திறந்தது குவாக்கமோலியை மட்டும்தான், அதுவும் ஹெச்டிடிபிஎஸ் வழியாக, உள்ளே நுழைய ஓடிபி குறியீட்டோடு. நிறுவும்போது தானாக வரும் குவாக்அட்மின் கணக்கின் கடவுச்சொல்லும் குவாக்அட்மின்தான். அது உலகத்துக்கே தெரியும். அந்தக் கணக்கை நீக்காமல் இணையத்தில் வைப்பது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது. பிராக்ஸ்மாக்ஸின் 8006ஆம் போர்ட் கல்லூரிச் சுவரைத் தாண்டியதில்லை. குவாக்கமோலிக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வலைச் சர்வரில் பஃபரிங்கை நிறுத்தி, வெப்சாக்கெட் கடந்து போக வழிவிட வேண்டும். இல்லாவிட்டால் விசையைத் தட்டி மூச்சுவிட்ட பிறகு எழுத்து வரும். பிள்ளைகள் தங்கள் ஊர் நெட்டைத் திட்டுவார்கள்.

தமிழ்த்துறைக்கு இன்னொரு சிக்கல். செல்போனில் தமிழ் விசைப்பலகையைத் திறந்து எழுதினால் அது முழு எழுத்தாகவே கிளம்புகிறது. தொலைவில் அந்தத் துறைக்குக் கொடுத்திருக்கும் விண்டோஸ் கணினியோ ஆங்கில விசைப்பலகையின் விசை எண்களை எதிர்பார்க்கிறது. குவாக்கமோலியின் ஆர்டிபி அமைப்பில் விசைப்பலகை வகையை "ஃபெயில்சேஃப்" என்று வைத்தால் எழுத்துகளை யுனிகோடாகவே அனுப்பும், "அம்மா" அம்மாவாகவே போய்ச் சேரும். ஆனால் ஆய்வகத்தில் உட்கார்ந்து தமிழ்99 பயில்கிறவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு விசை எண்தான் போக வேண்டும்; எழுத்தாக்குவதை உள்ளே இருக்கும் விசைப்பலகை பார்த்துக்கொள்ளும். எனவே ஒரே கணினிக்கு "வீடு", "லேப்" என்று இரண்டு இணைப்புகளைப் பதிந்துவைத்தேன். அந்தத் துறைப் பேராசிரியர் ஒருவர், "தம்பி, இனி அச்சடிச்சு அனுப்பச் சொல்ல வேண்டாம், இதுலயே எழுதச் சொல்லிடுறேன்" என்றார்.

கல்லூரி திறந்த பிறகு நான் நெடுநாள் நினைத்திருந்ததைச் செய்தேன். லினக்ஸ் தாள் எடுத்த ஒவ்வொரு மாணவருக்கும் அவரவர் கணினியில் ரூட் அதிகாரம். துறையில் தயக்கம் இருந்தது. உடைத்துவிட்டால் என்ன செய்வது என்றார்கள். உடைக்கட்டும், அதற்குத்தானே கொடுக்கிறோம் என்றேன். வகுப்பு தொடங்கும் முன் எல்லாக் கணினிக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தோம்.

புதிய டிஸ்க்கைச் சேர்த்து, அது ஒவ்வொரு முறையும் தானாக மவுண்ட் ஆக எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அன்றைய பயிற்சி அது. ஒரு மாணவி டிஸ்க்கின் அடையாளமான யுயுஐடியில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டு ரீபூட் கொடுத்திருந்தார். குவாக்கமோலியில் இணைப்பு வரவில்லை. "சார், என் சிஸ்டம் செத்துப்போச்சு, பழையபடி ஆக்கிக் கொடுங்க சார்" என்று வந்து நின்றார். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்ப ஒரு சொடுக்குப் போதும். நான் அதைச் செய்யாமல், பிராக்ஸ்மாக்ஸில் அவருடைய கணினியின் கன்சோலை மட்டும் பார்க்கும் உரிமை உள்ள ஒரு லாகினைக் கொடுத்து, அதைத் திறக்கச் சொன்னேன்.

இந்த இரண்டு திரைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் புத்தகத்தையும்விட அந்த நிமிடம் நன்றாகக் கற்றுக்கொடுக்கும். குவாக்கமோலி காட்டுவது, கணினி எழுந்து, வலைப்பின்னல் வந்து, திரையை வெளியே அனுப்பும் எக்ஸ்ஆர்டிபி ஓடத் தொடங்கிய பிறகு உள்ள திரை. கன்சோலோ அந்தக் கணினியின் மானிட்டர் மாதிரி. பயாஸ் முதல் தெரியும். உள்ளே இல்லாத ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக வரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிடம் கழித்து, காத்திருந்தது போதும் என்று எமர்ஜென்சி மோடுக்குப் போய் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டது. "சாகலையே சார், கேள்வி கேட்குது" என்றார். கடவுச்சொல்லை அடித்து, கோப்பைத் திறந்து, யுயுஐடியை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, பிழையைத் திருத்தி ரீபூட் கொடுத்தார். மேசைத்தளம் வந்ததும் பக்கத்து இருக்கைப் பெண்ணைக் கூப்பிட்டு மறுபடி அதே பிழையை வேண்டுமென்றே செய்து காட்டினார். அன்று மாலை நான் அந்த வகுப்பு முழுவதற்கும் கன்சோல் உரிமையைக் கொடுத்துவிட்டேன்.

லேப் உதவியாளருக்கென்று தனியாக ஒரு ரோல் எழுதியிருக்கிறேன். பிராக்ஸ்மாக்ஸில் உரிமைகள் நுணுக்கமாகப் பிரிந்திருப்பதால் இது முடிகிறது. ஆன் ஆஃப் செய்வது ஓர் உரிமை, கன்சோல் பார்ப்பது ஓர் உரிமை. ஸ்னாப்ஷாட் எடுப்பதும் அழிப்பதும் ஒன்று. எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது அதிலிருந்து வேறானது. எங்கள் உதவியாளருக்கு ஆன் ஆஃப், கன்சோல், திரும்புதல் மூன்றும் உண்டு. புதிதாக எடுக்கவோ அழிக்கவோ முடியாது. மாணவர் வேலையைக் கெடுத்துக்கொண்டால் என்னைத் தேடி வராமல் உதவியாளரே சரிசெய்வார். பயந்து பயந்து வேலை செய்ய வேண்டியதும் இல்லை, ஏனென்றால் அவர் கையில் உள்ள எந்தப் பொத்தானாலும் ஒரு கணினியை இல்லாமல் ஆக்க முடியாது. காலை 8:30க்கு வந்து, அறுபதையும் ஒரே மூச்சில் எழுப்பாமல் இடைவெளி விட்டு எழுப்புவது அவர் பொறுப்பு. எல்லாம் ஒன்றாக எழுந்தால் சேமிப்பு திணறும்.

பக்கத்தின் அடியில் டாஸ்க் பட்டியல் என்று ஒரு பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். எந்த நேரத்தில், எந்த சர்வரில், யார், என்ன செய்தார், நடந்ததா இல்லையா என்பதெல்லாம் வரிசையாகப் பதிவாகும். தோற்றது சிவப்பில் நிற்கும். "ஏம்மா, கீழ ஒண்ணு சிவப்பா இருக்கே?" என்று போனில் கேட்டால் உதவியாளர் அந்த வரியை இரண்டு முறை தட்டி உள்ளே இருப்பதை எனக்குப் படித்துக் காட்டுவார். பொத்தானுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை இந்த மென்பொருள் மறைப்பதில்லை. ஒவ்வொரு கணினியின் அமைப்பும் சர்வரில் ஒரு சாதாரண உரைக் கோப்பு. 117இன் கோப்பைத் திறந்தால் மெமரி 4096 என்று எழுதியிருக்கும். வலைப்பக்கம் திறக்காத நாளிலும் அதைப் படித்து வேலை பார்க்கலாம்.

செய்முறைத் தேர்வு நாட்களில்தான் இந்த அமைப்பின் மீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது. வெளித்தேர்வாளர் உட்கார்ந்திருக்கிறார், மின்சாரம் ஒரு நொடி போய் வருகிறது. சர்வர் யுபிஎஸ்ஸில், மேசை மேல் உள்ள சிஸ்டங்கள் சில அணைந்துவிட்டன. பழைய காலமாக இருந்தால் அழுகைச் சத்தம் கேட்கும். அன்று ஒரு மாணவர் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கைக்குப் போய், உலாவியைத் திறந்து லாகின் செய்தார். பாதி அடித்த நிரலில், சேமிக்காமல் விட்ட அதே வரியில் கர்சர் மின்னிக்கொண்டிருந்தது. இணைப்பு அறுந்தாலும் எக்ஸ்ஆர்டிபி அமர்வை மூடுவதில்லை. உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "இது எந்த கம்பெனி சாஃப்ட்வேர் சார்?" என்று தேர்வாளர் கேட்டார். தேர்வு முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்.

2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, ஒருமுறை வாங்கினால் போதும் என்ற உரிமங்களை அடுத்த மாதமே நிறுத்திய பிறகு, பிராக்ஸ்மாக்ஸ் பற்றிக் கேட்டு எனக்கு வரும் அழைப்புகள் கூடிவிட்டன. ஐஎஸ்ஓவை இறக்கி அரை மணியில் நிறுவிவிட்டேன், அடுத்து என்ன என்று கேட்பார்கள். நான் இரண்டு விஷயம் கேட்பேன். இரண்டு சர்வர் மட்டும் வைத்து கிளஸ்டர் போட்டிருக்கிறீர்களா? ஒன்று விழுந்தால் மற்றதற்குப் பெரும்பான்மை வாக்கு இருக்காது; ஓடுகிற கணினிகள் ஓடும், புதிதாக ஒன்றையும் எழுப்ப விடாது. மூன்றாவது வாக்குக்கு ஒரு பழைய சிஸ்டத்தைக் கியூடிவைஸாக வையுங்கள். எங்களிடம் ஆய்வகத்திலிருந்து கழித்த ஒன்றுதான் அந்த வேலையைப் பார்க்கிறது. அடுத்தது, ரூட் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? "நாலஞ்சு பேருக்குத் தெரியும் சார், அவசரத்துக்கு வேணுமே" என்பார்கள். அந்த நாலைந்து பேரும் அன்றாடம் உண்மையில் என்னென்ன செய்கிறார்கள் என்று எழுதி அனுப்பச் சொல்வேன். அனுப்புகிறவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, அந்தத் தாளிலிருந்து ரோல்களை ஒவ்வொன்றாக எழுதுவோம்.